அரும்புன்னு சொன்னாங்க

இப்படி உக்காருங்கக்கா. பிள்ளையை நான் மடியில இழுத்துக்கிறேன். பரவாயில்லக்கா, அவ தூங்க ஆரம்பிச்சா தவுல் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டா. பஸ்ஸுல ஏறுனா தூங்குவா, சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்தா தூங்குவா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க உடம்புல சத்தே இல்ல.

உங்களைப் பாத்தா படிச்சவங்க மாதிரி இருக்கு. கழுத்துல கார்டு தொங்குது. பேங்க்கா? சரி, எதுவா இருந்தா என்ன. எனக்கு ஒரு நியாயம் தெரியணும். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. பாதி கேட்டவங்க எல்லாரும் என் மேலதான் திருப்புறாங்க.

மூணாப்பு முடிச்ச பிள்ளைக்குப் 'படகு'ன்னு வாசிக்கத் தெரியலைன்னா குத்தம் யாரு மேல? பக்கத்துல படம் இருந்தா டக்குன்னு படகுன்னு சொல்லிருவா. படத்தைக் கையால பொத்துனா 'ப'ன்னு சொல்லிட்டு நின்னுக்கிருவா. மூணு வருசம் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கா. என்னைய எங்கம்மா அஞ்சாப்போட நிறுத்தி பூ எடுக்கக் கூட்டிட்டுப் போயிருச்சு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் தீரல. அதனால எம் பிள்ளையை நான் ஒரு நாள்கூட நிறுத்துனதில்ல. மழையா இருந்தாலும் அனுப்பிருவேன், லேசாக் காய்ச்சல் இருந்தாலும் அனுப்பிருவேன். தினமும் பத்தரைக்குள்ள பள்ளிக்கூடத்துல இருப்பா.

இப்ப கேள்வி என்னன்னா, அந்தப் பள்ளிக்கூடத்துலயே விடுறதா, இல்ல பிடுங்கி டவுனுல இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல போடுறதா? நாளைக்குப் பகல் பன்னெண்டுக்குள்ள டிசி வாங்கிட்டு வந்தா இடம் இருக்கும், இல்லாட்டி வேற பிள்ளையைச் சேத்துக்குவோம்னு சொல்லிட்டாங்க. அங்க இருந்துதான் வாரேன். தலை வெடிக்குதுக்கா எனக்கு. வீட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு. போன் போட்டுக் கேட்டா, "நீயே பாத்து முடிவு பண்ணு"ங்கிறாரு. முடிவு தப்பாப் போனா மட்டும் வந்து கேப்பாரு.

மொதல்ல இருந்து சொல்றேன். எங்க ஊருல எல்லாருக்கும் மல்லிகைதான் பொழப்பு. தோட்டம் வச்சிருக்கவங்க நாலஞ்சு பேரு, மத்தவங்க எல்லாம் கூலிக்குப் பூ எடுக்குறவங்க. எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சரு. அதுல ஒருத்தங்களை எப்பப் பாத்தாலும் கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல்னு பிடிச்சிட்டுப் போயிருவாங்க. மிச்சம் ரோஸ்லின் டீச்சர், அவங்கதான் எச்செம்மு, பெரிய டீச்சர். நல்ல மனுசிதான், இல்லைங்கல. ஆனா எந்நேரமும் கையில போனு. பிள்ளைங்க வந்ததைப் போன்ல ஏத்தணும், சாப்பிட்டதை ஏத்தணும், கக்கூஸ் கழுவுனதை ஃபோட்டோ எடுத்து ஏத்தணும். எல்லாத்தையும் ஏத்துறாங்க, பிள்ளை மண்டையில மட்டும் ஒண்ணும் ஏறல.

போன வருசம் ஜூலை மாசம் பெத்தவங்களை எல்லாம் கூப்பிட்டு விட்டாங்க. ஒவ்வொரு அம்மாவா உள்ள போகணும், பிள்ளை எந்த நிலையில இருக்குன்னு டீச்சர் சொல்லுவாங்க. எனக்கு முன்னாடி வளர்மதி மதினி. என் கூடத்தான் பூ எடுக்குறாங்க. அவங்க மக நிவேதிகாவும் எம் பிள்ளையும் ஒரே வகுப்பு. "நிவேதிகா மலர்ல இருக்கா"ன்னு டீச்சர் சொன்னது என் காதுல விழுந்துச்சு. அடுத்து நான் போனேன். டீச்சர் நோட்டைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. "பாண்டீஸ்வரி, தனுஷ்கா அரும்புலதாம்மா இருக்கா."

அரும்பு!

எனக்கு உடம்பெல்லாம் பூரிச்சுப் போச்சுக்கா. சிரிக்காதீங்க. நீங்க பேங்க்குல இருந்து யோசிக்கிறீங்க, மல்லிகைத் தோட்டத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. விடியறதுக்கு முன்னாடி நாங்க ஏன் போறோம்? அரும்பா எடுக்கத்தான். நல்லா இறுகி, பாம்பு பல்லு மாதிரி நிக்கிற அரும்புக்குத்தான் வெலை. வெயிலு ஏறி விரிஞ்சு மலராயிருச்சுன்னா அதை எவ வாங்கித் தலையில வைப்பா? சென்ட் கம்பெனிக்காரன் சாக்குல அள்ளிட்டுப் போவான். மடியை அவுக்குறப்ப நாலு விரிஞ்ச பூ கெடந்தா, "கண்ணை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தியா"ன்னு தோட்டக்காரரு வைவாரு. அப்ப எது ஒசத்தி? நீங்களே சொல்லுங்க. பிள்ளைங்களுக்குப் பூவுல தரம் பிரிச்சவன், ஒருநாள் பூ மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து பேரு வச்சிருக்கக் கூடாதா?

டீச்சர் "அரும்புலதான்"னு சொன்னாங்கல்ல. அந்தத் 'தான்'ல எம்புட்டு இருந்திருக்கு! நான் அழுத்திச் சொல்றாங்கன்னு நெனச்சேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "எல்லாம் உங்க புண்ணியம் டீச்சர்"னேன். அவங்க ஏதோ சொல்ல வாயைத் திறந்தாங்க, அதுக்குள்ள போன் அடிச்சிருச்சு.

வெளிய வந்தா மதினி நிக்கிறாங்க. என் வாயி சும்மா இருக்குமா?

"என்ன மதினி, நிவேதிகா விரிஞ்சு போயிட்டாளாம்ல?"

அவங்களுக்குப் புரியல. "என்னடி சொல்ற?"ன்னாங்க.

"விடுங்க மதினி. கவலைப்படாதீங்க, அடுத்த வருசம் தேத்திரலாம். வீட்டுல டிவியை மட்டும் கொறைங்க."

புத்திமதி சொன்னேன்க்கா! நான், அவங்களுக்கு! தனுஷ்காவுக்குப் பால்கோவா வாங்கிக் குடுத்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவரு கூட வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் சொல்லிட்டாரு. டீக்கடையில சொன்னேன், ரேசன் கடையில சொன்னேன், எங்க தோட்டக்காரரு சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். அந்தம்மா டிகிரி படிச்சது. "அரும்பா?"ன்னு கேட்டுச்சு, சிரிச்சுச்சு, உள்ள போயிருச்சு. பொறாமைன்னு நெனச்சேன்.

மடியில தூங்குறாளே இவ, இவளுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? தெரிஞ்சேதான் பால்கோவாவைத் தின்னிருக்கா.

ஆயுத பூசை லீவு வந்துச்சு. பூவு குமிஞ்சு கெடக்கு, கை பத்தல. அன்னைக்கு நிவேதிகாவும் அவ அம்மா கூடத் தோட்டத்துக்கு வந்தா. வேலைக்கு இல்ல, வேடிக்கைக்கு. மதினி அவளை வேலைக்குக் கூட்டிட்டு வர மாட்டாங்க, பெரிய மகாராணி. நாங்க காலைச் சாப்பாட்டுக்கு வரப்புல உக்காந்தோம். இட்லி மடிச்சுக் கொண்டாந்த பேப்பரை எடுத்து அந்தப் பிள்ளை கடகடன்னு வாசிக்குது. எங்கயோ யானை ஊருக்குள்ள வந்துருச்சாம், வாழையை முறிச்சுப் போட்டுச்சாம். எல்லாப் பொம்பளைங்களும் வாயைப் பொளந்து கேக்குறாங்க. எனக்குப் பொறுக்கல.

"ஏன்டி, மலர்ல இருந்துக்கிட்டே இந்தப் பேச்சுப் பேசுறியே. எங்க தனுஷ்காவைப் பாரு, அரும்பு. எம்புட்டு அடக்கமா இருக்கா."

அந்தப் பிள்ளை கெட்ட பிள்ளை இல்லக்கா. கேலிக்குச் சொல்லல. டீச்சர் மாதிரியே விரலை மடக்கி எனக்கு வெளக்கிச் சொல்லுச்சு. "அத்தை, அரும்புன்னா எழுத்து தெரியாதவங்க. மொட்டுன்னா வார்த்தை வாசிக்கிறவங்க. மலர்னா கதை வாசிக்கிறவங்க. தனுஷ்கா அரும்பு மேசையில உக்காருவா. அங்க மூணு பேருதான்."

மொதல்ல ஒருத்தி சிரிச்சா. அம்புட்டுத்தான், வரப்பு முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி சிரிச்ச சிரிப்புல தண்ணிச் செம்பைத் தட்டி விட்டுட்டா. மதினி மட்டும் சிரிக்கல. கையைக் கழுவிட்டு எந்திரிச்சு, என்னையத் தாண்டிப் போறப்ப பைய சொன்னாங்க: "பாண்டி, வீட்டுல டிவியைக் கொறைடி."

நான் திரும்பி இவளைப் பாக்குறேன். இவ குனிஞ்ச தலை நிமிராம பூ எடுத்துக்கிட்டு இருக்கா. விரலு ரெண்டும் எறும்பு மாதிரி ஓடுது. வேலையில கெட்டிக்காரிக்கா இவ. பெரிய பொம்பளைங்க ஒரு வரிசை முடிக்கிறதுக்குள்ள இவ முக்கா வரிசை வந்துருவா. ஒரு விரிஞ்ச பூவு இருக்காது மடியில. இம்புட்டு சூட்டிகையான பிள்ளைக்கு எழுத்து வரலைன்னா, பள்ளிக்கூடம் சரியில்லைன்னுதானே அர்த்தம்? வேற என்ன அர்த்தம்?

லீவு முடிஞ்சதும் போய் நின்னேன். "மூணு மாசமா ஏன் டீச்சர் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேம்மா. நீதான் கும்பிட்டுட்டுப் போன. இருபது வருசமா வேலை பாக்குறேன், அரும்புன்னதும் அம்புட்டு சந்தோசப்பட்ட அம்மாவை நான் பாத்ததே இல்ல."

"அதை விடுங்க. எம் பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரல?"

அப்பத்தான் அவங்க ஆரம்பிச்சாங்க. வாசிப்பு வந்து காலைல மொத ஒரு மணி நேரமாம். பிள்ளைங்களை மூணு மேசையாப் பிரிச்சு உக்கார வச்சு, ஒவ்வொரு எழுத்தாச் சொல்லித் தர்றது அப்பத்தானாம். "தனுஷ்கா வர்றப்ப அது முடிஞ்சு போயிருது. வந்தாலும் சுவத்துல சாஞ்சுக்கிட்டுத் தூங்குது. ஒம்பதேகாலுக்கு அனுப்பு பாண்டீஸ்வரி. அது ஒண்ணு செய்யி. ஆறு மாசத்துல நான் வாசிக்க வைக்கிறேன்."

நான் விடுவேனா? "பூவு காத்திருக்காது டீச்சர், வெயில் பட்டா விரிஞ்சிரும். எழுத்து விரிஞ்சிருமா? காலைல ஒம்பது மணிக்கும் 'அ' 'அ'தான், சாயங்காலம் மூணு மணிக்கும் 'அ' 'அ'தான். ஊரே பூ எடுக்குற ஊருல, காலைல வாசிப்புன்னு எழுதி வச்சது யாரு? அந்த ஆளை வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

"அது மேல இருந்து வர்ற டைம் டேபிள்மா."

"மேலன்னா எங்க? மாடியிலயா? இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாடியே இல்லையே!"

டீச்சர் சிரிச்சுட்டாங்க. பெறகு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "நீ கேக்குறது சரிதான்"னாங்க. அதைக் கேட்டுக்கங்கக்கா, சரிதான்னு அவங்க வாயாலயே சொன்னாங்க. மத்தியானம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் தனுஷ்காவைத் தனியா உக்கார வைக்கிறேன்னு சொன்னாங்க. வச்சாங்க. ரெண்டு நாள். மூணாம் நாள் அவங்களையே பயிற்சிக்கு வரச் சொல்லி ஆர்டர் போட்டுட்டாங்க. பிள்ளைக்குச் சொல்லித் தர்றதை நிப்பாட்டிட்டு, பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தர்றதுன்னு படிக்கப் போயிட்டாங்க. இந்தக் கூத்தை எங்க போயி சொல்ல?

சித்திரையில கேட்டேன், அரும்பு. இப்பப் பள்ளிக்கூடம் தொறந்து நாலாப்பு போறா, அரும்பு. ஒம்பது வயசு ஆகப் போகுது.

சரி, இன்னைக்குக் கதைக்கு வாரேன். எட்டரை மணிக்கு வரச் சொன்னாங்க டவுன்ல. நாங்க எட்டு மணிக்கே போயி உக்காந்துட்டோம். இன்னைக்குப் பூவுக்குப் போகல, ரெண்டு பேரும்தான். அப்படி இடத்துக்கு லேட்டாப் போக முடியுமா? தலைக்குக் குளிப்பாட்டி, விரல்ல இருந்த காம்புக் கறையைப் புளி போட்டுத் தேச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

உள்ள ஒரு மேடம். "வாட் இஸ் யுவர் நேம்?" இவ என் முகத்தைப் பாக்குறா. நான் கிள்ளுனேன். "தனுஷ்கா"ன்னா. அது வரைக்கும் சரி. தமிழ்ப் புத்தகத்தை எடுத்து விரிச்சாங்க. படமே இல்லாத பக்கம்க்கா. வேணும்னே படமில்லாத பக்கத்தை எடுத்தாங்க. இவ விரலை வச்சா. 'ம'ன்னா. 'ர'ன்னா. அப்பறம் விரல் மட்டும் நகருது, சத்தம் வரல. வரி முடியிற வரைக்கும் அந்த விரல் போச்சு. முடிச்சதும் நிமிந்து, வாசிச்சு முடிச்ச மாதிரி சிரிச்சா.

எனக்கு அந்த மேசைக்குள்ள புகுந்துக்கலாம் போல இருந்துச்சு.

மேடம் ஒண்ணும் திட்டல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. "இவங்களை ஒண்ணாப்புலதான்மா போட முடியும்"னாங்க. ஒண்ணாப்பு! நான் கேட்டேன், நாலாப்புப் பிள்ளையை எப்படி மேடம்னு. "உக்காந்து பாக்கட்டுமே"ன்னு வகுப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எல்லாம் பல்லு விழுகாத பிள்ளைங்க. அந்தச் சின்ன பெஞ்சுல இவ உக்காந்தா, முட்டி ரெண்டும் பலகையில இடிக்குது. காலைக் கோணலா வெளிய நீட்டி உக்காந்தா. பக்கத்துல இருந்த குட்டிப் பிள்ளை இவளைப் பாத்து எந்திரிச்சு, "குட் மார்னிங் மிஸ்"ன்னுச்சு.

இல்லக்கா, அழல. தூசி.

ஆனா ஒண்ணு, அங்க எல்லாம் கண்டிப்பு. வேன் எங்க ஊரு முக்குக்குக் காலைல ஏழேகாலுக்கு வந்துருமாம். ஒரு நிமிசம் நிக்காதாம். மூணு நாளு லேட்டானா பேரை எடுத்துருவாங்களாம். நான் சொல்லிட்டேன், "ஏழு மணிக்கே முக்குல நிப்பா மேடம், அதுல ஒரு கொறையும் இருக்காது"ன்னு. பள்ளிக்கூடம்னா அப்படி இருக்கணும்.

என்னக்கா?

என்ன கேட்டீங்க?

இல்ல, வண்டிச் சத்தத்துல சரியாக் கேக்கல. வேனுக்கு ஏழு மணிக்கு அனுப்ப முடியும்னா... ஆமா, அனுப்புவேன். பூவுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன், அப்பறம் எப்படிப் போறது?

ஒம்பதேகாலுக்கா? எங்க ஊருப் பள்ளிக்கூடத்துக்கா?

நீங்களும் அந்த டீச்சர் மாதிரியே பேசுறீங்க. அது வேற, இது வேறக்கா. அங்க ஒம்பதேகாலுக்கு அனுப்பி என்ன ஆகப் போகுது? ரெண்டு டீச்சர், அதுல ஒருத்தங்க இருக்க மாட்டாங்க. அதுக்காக நான் பிள்ளையைத் தோட்டத்துல இருந்து நிறுத்தணுமா? அவ எதுக்கு வாரான்னு தெரியுமா உங்களுக்கு? நான் திங்கவா? அவ எடுக்குற பூவுக்கு உள்ள கூலியில ஒரு பைசா நான் தொட்டதில்ல. பொய்யின்னா இந்த நாக்கு அழுகிரும். அவ ஒண்ணாப்புல சேந்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தப் பள்ளிக்கூடம் விளங்காது, அவ கூலியைச் சேத்து வச்சு டவுன்ல போடணும்னு. அதுக்குத்தானே கூட்டிட்டுப் போனேன்! அவ படிக்கணும்னுதானேக்கா அவளைப் பூ எடுக்கக் கூட்டிட்டுப் போனேன்!

...

ஏன்க்கா எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க? சத்தமாப் பேசிட்டேனா?

இல்ல. அப்படிச் சொல்லாதீங்க. நீங்க சொல்லல, சரி. ஆனா உங்க முகம் சொல்லுது. அப்ப எங்கம்மாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எங்கம்மா அஞ்சாப்புல நிறுத்துச்சு. நான் நிறுத்தவே இல்லையே. நிறுத்தலையேக்கா! தினமும் நானே கொண்டு போயி விட்டேனே! மூணு வருசமும் பத்தரைக்கு அந்தக் கேட்டு வரைக்கும் கையைப் பிடிச்சுக் கொண்டு போயி...

ஏய். முழிச்சிட்டியா? எப்ப இருந்துடி முழிச்சிருக்க? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்த?

ஒண்ணுமில்லடி, அம்மா அக்காகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். இங்க பாரு. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறியா? சின்னப் பிள்ளைங்களோட உக்காரணும். முட்டி இடிக்கும். கேலி பண்ணுவாங்க. பரவாயில்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

என்ன? சத்தமாச் சொல்லு.

பிரேயரா?

வேன்ல போனா பிரேயர்ல நிக்கலாமான்னு கேக்குறாக்கா. ஏன்டி, இதென்ன கேள்வி? பிரேயர் நம்ம பள்ளிக்கூடத்துலயும்தான் இருக்கு. தினமும் காலைல மணி அடிச்சதும் எல்லாரும் வரிசையா நின்னு பாடுவாங்கல்ல, அதுதானே? அதுக்காகவா அம்புட்டுத் தூரம் போகணும்?

...

நான் பாத்ததே இல்லையேம்மாங்கிறா.

பாத்ததே இல்லையாம்க்கா.

இருங்கண்ணே, விசில் அடிச்சிராதீங்க, எறங்குறோம். எந்திரிடி. பையை எடு. அக்கா, இப்படி ஒரு வழி சொல்லாமலே பாக்குறீங்களே. சொல்லவும் வேண்டாம். அங்கயோ இங்கயோ, எங்கயா இருந்தாலும் இனிமே பிரேயருக்கு நிப்பா, சத்தியமா நிப்பா. நாளைக்குப் பெரிய முகூர்த்தம்க்கா, தோட்டம் பூராம் பூவு நிக்குது, இன்னைக்கே நாங்க ரெண்டு பேரும் போகல, நாளைக்கும் போகலைன்னா தோட்டக்காரரு எங்க வரிசையை வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள்தான்க்கா.